கண்டவனும் கடன்பட்டவனும்

அரபு மொழியில் ஆராய்ச்சிக்குப் ‘பஹ்ஸ்’ என்று பெயர். நம் மதரஸாக்களில் இச்சொல் ‘பஹஸ்’ என ஒலி திரிந்து, வினாவும் மறுப்புமாக நிகழும் சொற்போரைக் குறிப்பதாகிவிட்டது. ஆயினும், அதன் வேர்ப்பொருள் மண்ணைக் கிளறித் தேடுதல் என்பதேயாம். உடன்பிறந்தானைக் கொன்றுவிட்டு, அவ்வுடலை என் செய்வது என்று அறியாது திகைத்து நின்ற ஆதம் நபியின் மகனுக்கு எதிரே, ஒரு காகம் மண்ணைக் கிளறிக் காட்டிய வரலாறு திருமறையில் வருகிறது. அக்காகத்தின் செயலைச் சொல்லுமிடத்து ஆளப்பட்டிருப்பதும் இவ்வேர்ச்சொல்லே. மனிதன் கிளறித் தேடக் கற்றது ஓர் உடலின் அருகே நின்றுதான். அவ்வுடலுக்குத் தான் பட்டிருந்த கடனின் பாரம் நெஞ்சை அழுத்த நின்றுதான். மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றி எண்ணத் தொடங்கும் எவருக்கும் இந்தக் காட்சி நல்லதொரு தொடக்கமாகும்.

இன்று நம் இல்லங்களிலிருந்து பிள்ளைகள் பலர் மருத்துவக் கல்லூரிகளுக்கும் உயிரியல் பட்டப் படிப்புகளுக்கும் செல்கின்றனர். ஆண்மக்களோடு பெண்மக்களும் செல்கின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆராய்ச்சி என்பது பட்டங்கள் பல பெற்று நரை கண்டவர்க்கே உரிய தொழில் என்றொரு எண்ணம் முன்னர் இருந்தது. அந்த எண்ணம் இப்போது தளர்ந்துவிட்டது. பயிலும் பருவத்திலேயே மருத்துவ மாணவர்களை ஆய்வில் பழக்கும் பொருட்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-ஆம் ஆண்டில் குறுங்கால மாணவர் உதவித் திட்டத்தைத் தொடங்கிற்று. மாணவர் ஒருவர் தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில் இரண்டு திங்கள் ஓர் ஆய்வைச் செய்து, அறிக்கை எழுதி அனுப்பவேண்டும் என்பது அதன் அமைப்பு. பெங்களூர், புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதமிகளும் கூடி, கோடைக்கால ஆய்வுக்கென மாணவர்களைத் தேர்ந்து அனுப்பும் ஒரு முறையை நடத்தி வந்துள்ளன.

இத்தகைய வாய்ப்பு ஒன்று வீட்டு வாயிலுக்கு வரும்போது, பெற்றோர் கேட்கும் கேள்விகள் சில உண்டு. உதவித்தொகை எவ்வளவு? சான்றிதழ் மேற்படிப்புக்குப் பயன்படுமா? விடுமுறையை இதில் செலவிட்டால் தேர்வு கெடாதா? இவை தவறான கேள்விகள் அல்ல. எனினும், இவற்றிற்கு முன்பாகக் கேட்கப்படவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. பிறருடைய மேசையில் அமர்ந்து, ஆசிரியர் தந்த வினாவை எடுத்துக்கொண்டு, முன்னோர் வகுத்த முறையைக் கைக்கொண்டு, முன்பின் அறியாத நோயாளி ஒருவரின் இரத்தத்துளியில் ஒரு மாணவன் ஓர் உண்மையைக் காண்பானாயின், அவ்வுண்மை யாருடையது? அதைக் கண்டதனால் அவன் பெற்றது யாது? பட்ட கடன் யாது? இதனை வெறும் தருக்கமாக அன்றி, மாணவப் பருவத்திலேயே பெரிய உண்மைகளின் அருகே சென்ற சிலருடைய வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

அறியேன் என்றவர்

பெர்லின் நகரில் 1847-ஆம் ஆண்டில் பிறந்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். மருத்துவ மாணவராக இருந்தபோதே, 1868-இல், மனிதத் தோலைப் பொன் உப்பினால் சாயமேற்றி உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கி, கிளை விட்ட ஒருவகை உயிரணுக்களைக் கண்டார். மறு ஆண்டில், தம் பட்டத்திற்கென எழுதிய ஆய்வேட்டில், கணையத்தின் திசுக்களுக்கு இடையே சிறு சிறு திட்டுகளாகக் கிடந்த வேறு வகை உயிரணுக்களை முதன்முதலாக விவரித்தார். அப்போது அவருக்கு வயது 21.

அத்திட்டுகள் எதற்காக அங்கே இருக்கின்றன? அந்த இளைஞருக்குத் தெரியாது. தெரியாது என்பதை மறைக்காமல் தம் ஏட்டிலேயே எழுதி வைத்தார். ஆய்வேட்டை மதிப்பிடுவோர் முன்னிலையில் ஏதேனுமொரு விளக்கத்தைப் புனைந்து கூறியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. கண்டதைக் கண்டவாறு எழுதி, அதன் எல்லையில் நின்றுவிட்டார். 1888-இல் மதீரா தீவில் அவர் காலமானார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1893-இல், பிரெஞ்சு அறிஞர் லாகெஸ் என்பார் அத்திட்டுகளுக்கு ‘லாங்கர்ஹான்ஸ் தீவுகள்’ என்று பெயரிட்டார். சர்க்கரையை உடல் ஆளுவதற்கு வேண்டிய சுரப்பு அத்தீவுகளிலிருந்து பிறக்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. தோலில் அவர் கண்ட உயிரணுக்களையோ, அவர் நரம்பைச் சேர்ந்தவை என்று கருதியிருந்தார். அவை நோயெதிர்ப்புக்குரியவை என்பது விளங்க ஒரு நூற்றாண்டு சென்றது.

இங்கே நாம் கொள்ளவேண்டிய படிப்பினை யாது? காண்பது வேறு, பொருள் அறிவது வேறு. முன்னது கண்ணின் நேர்மையைச் சேர்ந்தது. பின்னது காலம் தரும் கொடை. மாணவனிடம் நாம் எதிர்பார்க்கத்தக்கது முன்னது மட்டுமே. இரண்டு திங்கள் ஆய்வில் உலகை வியக்கச் செய்யும் முடிவு ஒன்றைக் கொண்டுவா என்று அவனைத் தூண்டுவோமானால், பொய் எழுதத் தூண்டுகிறோம் என்பதே அதன் பொருள். ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்பதும் ஓர் ஆய்வின் முடிவுதான். ‘கண்டேன், விளங்கவில்லை’ என்பதும் அறிவே. அறியாமையை அறியாமை என்றே சொல்லத் துணிவது அறிவாளியின் முதல் ஒழுக்கமாகும். இச்சொல்லைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசக நேயர்களை வேண்டுகிறேன். கட்டுரையின் இறுதியில் அதனிடமே திரும்புவோம்.

நாணயம் சுண்டிய கோடை

லாங்கர்ஹான்ஸ் கண்ட தீவுகளின் பயன், கனடா நாட்டின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில், 1921-ஆம் ஆண்டுக் கோடையில் கைக்கு எட்டிற்று. பிரடெரிக் பாண்டிங் என்ற இளம் அறுவை மருத்துவர் ஓர் எண்ணத்தோடு பேராசிரியர் மக்லியோடிடம் வந்தார். பேராசிரியர் அவருக்கு ஆய்வுக்கூடமும், ஆய்வுக்கென நாய்களும், துணைக்கு மாணவரும் அளித்தார். அப்போதுதான் பட்டப் படிப்பை முடித்திருந்த சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள் ஆகிய இருவரில் யார் முதலில் செல்வது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தனர் என்று சொல்லப்படுகிறது. பெஸ்டுக்கு வாய்த்தது. முறை மாறி நோபிள் வந்திருக்கவேண்டும். ஆனால், பணி நடந்துகொண்டிருந்தபடியால் பெஸ்டே தொடர்ந்தார். 22 வயதான அந்த இளைஞர் அக்கோடை முழுவதும் ஊதியமின்றி உழைத்தார். வேதியியலறிஞர் கோலிப் பின்னர் வந்து சேர்ந்து, கணையச் சாற்றைத் தூய்மை செய்யும் வழியைக் கண்டார். இன்சுலின் பிறந்தது.

1923-இல் நோபல் பரிசு பாண்டிங், மக்லியோட் இருவருக்கும் அறிவிக்கப்பட்டது. பெஸ்டின் பெயர் இல்லை. பாண்டிங் தம் பங்கின் தொகையில் பாதியைப் பெஸ்டுக்கு உரியது என்று அறிவித்தார். மக்லியோட் தம் பங்கில் பாதியைக் கோலிப்புக்கு அளித்தார். அதே ஆண்டில், பாண்டிங், பெஸ்ட், கோலிப் ஆகிய மூவரும் இன்சுலினின் காப்புரிமையை ஆளுக்கு 1 டாலர் என்ற பெயரளவான விலைக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டனர்.

இவ்வரலாற்றைப் பலரும் இந்த இடத்தில் நிறுத்தி, ‘பார்த்தீர்களா, மாணவனுக்குக் கிடைத்த பெருமையை!’ என்று முடித்துவிடுவர். நாம் இரண்டு செய்திகளை மேலும் நோக்கவேண்டும்.

ஒன்று, நோபிளைப் பற்றியது. தகுதியில் அவர் பெஸ்டுக்குக் குறைந்தவர் என்று எவரும் கூறவில்லை. காற்றில் சுழன்று விழுந்த ஒரு காசு, ஒருவருடைய பெயரை உலகறியச் செய்தது. மற்றவருடைய பெயரை அடிக்குறிப்பில் வைத்தது. வாய்ப்பு என்பதன் இயல்பு இது. அதனை முழுவதும் தன் தகுதிக்கு வந்த கூலி என்று எண்ணுகிறவன் செருக்கடைவான். நழுவவிட்டவன் தன்னையே இகழ்ந்துகொள்வான். இரண்டுமே கணக்குப் பிழை. வாய்ப்பு கூலியன்று, அஃது ஓர் அமானத்து. அடைக்கலமாக வந்த பொருளை வைத்திருப்பவன் அதனால் பெருமைகொள்வதில்லை. அதைப் பற்றித் தன்னிடம் கேட்கப்படும் என்பதையே நினைக்கிறான்.

மற்றொன்று, பெஸ்டின் பிற்காலத்தைப் பற்றியது. அவர் பெரும் பேராசிரியரானார், புகழ் பெற்றார். அந்நாட்களில் அவர் இன்சுலினின் கதையைச் சொல்லியபோது, கோலிப்பின் பங்கினைக் குறைத்துரைத்தார் என்பதை வரலாற்றாசிரியர் மைக்கேல் பிளிஸ் சான்றுகளோடு ஆராய்ந்து காட்டியுள்ளார். தமக்கு உரிய பங்கு மறுக்கப்பட்டதன் வேதனையை அறிந்த ஒருவரே, மற்றொருவருடைய பங்கைக் குறைக்கவும் கூடும்! மனித மனத்தின் இந்த மடிப்பை நாம் அறிந்திருக்கவேண்டும். தமக்கு அநீதி இழைக்கப்பட்டது என்ற நினைவு, ஒருவரை நீதிமானாக்கிவிடுவதில்லை.

தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜே மக்லீன் என்றொரு மாணவர் இருந்தார். பேராசிரியர் ஹவெல் அவரிடம், குருதியை உறையச் செய்யும் பொருளொன்றை ஆராயும்படிப் பணித்தார். மூளை முதலிய உறுப்புகளிலிருந்து சாறு எடுத்துச் சோதித்துவந்த அம்மாணவர், ஈரலின் சாற்றில் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்: அது குருதியை உறையவைக்கவில்லை, உறையாமல் தடுத்தது. பேராசிரியர் எளிதில் நம்பவில்லை. பூனையின் குருதி நிறைந்த குவளையில் அச்சாற்றைக் கலந்து அவருடைய மேசைமேல் வைத்து, ‘இஃது உறையும்போது எனக்குச் சொல்லியனுப்புங்கள்’ என்று கூறி வந்ததாகவும், அது உறையவேயில்லை என்றும் மக்லீன் பின்னாளில் எழுதினார். 1916-இல் அவருடைய கட்டுரை வெளியாயிற்று. 1918-இல் ஹவெல், ஹோல்ட் என்ற மற்றொரு மாணவரோடு சேர்ந்து, ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஹெப்பாரின்’ என்ற பெயரை அமைத்தார். இன்று சிறுநீரகம் பழுதுற்றவரின் குருதியை இயந்திரத்தில் செலுத்தித் தூய்மை செய்யும்போதும், இதய அறுவையின்போதும், குருதி உறையாமல் காப்பது அம்மருந்தே.

கண்டவர் யார்? மாணவரா, ஆசிரியரா? மக்லீன் பிரித்தெடுத்த பொருள் ஒன்று, ஹவெல் பின்னர்ப் பிரித்தெடுத்த பொருள் வேறொன்று என்று அறிஞர் சிலர் கூறுவர். முதல் தடத்தைக் காட்டியவர் மாணவரே என்பார் மற்றும் சிலர். மக்லீன் தம் வாழ்நாளின் பிற்பகுதியில், கண்டவர் தாமே என்று உலகம் ஏற்கவேண்டும் என்பதற்காகப் பெரிதும் முயன்றார். 1957-இல் காலமானார். வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை.

இவ்விடத்தில் ஒழுக்க நூலார் கேட்கும் கேள்வியொன்றை எழுப்பவேண்டியுள்ளது. ‘நிய்யத்துத் தூயதாயின், பெயர் எதற்கு? உண்மை உலகுக்குப் பயன்பட்டால் போதாதா?’ என்று கூறுவோர் உளர். கேட்பதற்கு இனிய சொல் இது. ஆனால், யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே இதன் மதிப்பு. மாணவன் தானே தன் பெயரைப் பொருட்படுத்தாது விட்டுக்கொடுத்தால், அஃது ஈகை. ஆசிரியர் மாணவனை நோக்கி, ‘உனக்குப் பெயர் எதற்கு?’ என்றால், அது பறிப்பு. ஒரே சொல், ஒருவர் நாவில் அறமாகவும், மற்றவர் நாவில் அநீதியாகவும் ஆகிறது. தன் உரிமையைத் துறக்க எவருக்கும் உரிமையுண்டு; பிறருடைய உரிமையைத் துறக்க எவருக்கும் உரிமையில்லை.

இதைத்தான் நம் சட்ட நூல்கள் ‘ஹுகூகுல் இபாத்’, அதாவது மனிதர்க்கு மனிதர் பட்ட கடன்கள் என்ற பகுதியில் விரித்துரைக்கின்றன. ஒருவருக்குப் பட்ட கடனை அவரே மன்னித்தாலன்றித் தீராது என்பது அதன் அடிப்படை. ஆய்வுக்கூடத்திலும் இந்நெறியே செல்லும். மாணவன் இரவெல்லாம் விழித்து எடுத்த அளவைகளைத் தம் பெயரில் மட்டும் வெளியிடும் ஆசிரியர், எத்துணைப் பெரியவராயினும் கடனாளியே. அவ்வாறே, ஆசிரியரின் வினாவையும் தோழனின் உழைப்பையும் மறைத்து, ‘நான் கண்டேன்’ என்று கூறும் மாணவனும் கடனாளியே.

பெர்லினில் ஒரு கையெழுத்துப் பிரதி

இனி, நம் மரபோடு நேரே தொடர்புடைய ஒரு வரலாற்றைக் காண்போம். எகிப்து நாட்டைச் சேர்ந்த முஹ்யித்தீன் தத்தாவி என்ற இளம் மருத்துவர், ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்திற்குப் பயின்றுவந்தார். 1924-இல், பெர்லின் அரசு நூலகத்திலிருந்த அரபுக் கையெழுத்துப் பிரதி ஒன்றைப் படித்தபோது அவர் வியப்பில் ஆழ்ந்தார். அது, இப்னு சீனாவின் ‘கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலில் உடற்கூறு பற்றிய பகுதிக்கு, இப்னுன் நபீஸ் எழுதிய விளக்கவுரை.

இப்னுன் நபீஸ் திமிஷ்கில் கல்வி பெற்று, கெய்ரோவில் வாழ்ந்து, கி.பி. 1288-இல் மறைந்தவர். இதயத்தின் வலப்புறக் குருதி, நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே இடப்புறம் செல்கிறது என்று கேலன் காலந்தொட்டுச் சொல்லிவந்தனர். இப்னு சீனாவும் அதனை ஏற்றிருந்தார். இப்னுன் நபீஸோ, அச்சுவரில் அத்தகைய வழி எதுவும் இல்லை. வலப்புறக் குருதி நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பின்னரே இடப்புறம் வந்துசேர்கிறது என்று எழுதினார். ஐரோப்பாவில் செர்வெட்டஸ் இதனை அச்சிட்டது 1553-இல். ஹார்வி குருதியோட்டம் முழுவதையும் நிறுவியது 1628-இல். அதற்கெல்லாம் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட ஓர் ஏடு, நூலக அடுக்கில் உறங்கிக் கிடந்தது.

தத்தாவியின் ஆசிரியர்களுக்கு அரபு தெரியாது. மாணவரின் கூற்றை அப்படியே ஏற்கவும் இயலவில்லை. ஆகவே, கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவரும் கீழ்த்திசை நூல்களில் வல்லவருமான மாக்ஸ் மையர்ஹோபிடம் ஆய்வேட்டை அனுப்பிக் கருத்துக் கேட்டனர். அவர் ஆராய்ந்து உண்மையென உறுதி செய்தார். பின்னர்த் தாமும் எழுதி உலகறியச் செய்தார். இன்று இப்னுன் நபீஸின் பெயரைப் பல நாட்டு மருத்துவ மாணவர் அறிவர். அப்பெயரை மண்ணிலிருந்து கிளறி எடுத்த மாணவரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

நம் மேடைகளில் இப்னுன் நபீஸைப் பற்றிப் பெருமிதத்தோடு முழங்குகிறோம். ‘நம்மவர் அன்றே கண்டார்’ என்ற சொல் நமக்கு இனிக்கிறது. அப்பெருமையை நமக்குத் திருப்பிக் கொணர்ந்த இளைஞரை நினைக்க மறந்தோமே, இது நன்றியா? நம் மதரஸாக்களில் ஒரு ஹதீஸைச் சொல்லுமுன், இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார், அவரிடமிருந்து இன்னார் கேட்டார் என்று ஸனதை ஓதுவது மரபு. இடையிலுள்ள ஒரு கண்ணி புகழற்றவர் என்பதற்காக அவரை விட்டுவிட முடியாது. விட்டால் சங்கிலி அறுந்துபோகும். அறிவைக் கடத்துவதில் சிறியவர் என்று எவருமில்லை என்பதை இதனினும் தெளிவாகச் சொல்லும் முறை வேறொன்றில்லை. அறிவியலாரும் தம் கட்டுரைகளில் முன்னோரையும் துணைவரையும் பெயர் சுட்டி எழுதுவது இதே அறத்தின் பாற்பட்டதே. ஆய்வுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இது புதிய பாடமன்று, வீட்டுப் பாடமேயாம்.

படுக்கையில் இருப்பவர்

இதுகாறும் மாணவர், ஆசிரியர், முன்னோர் ஆகிய மூவரைப் பற்றியே பேசினோம். நான்காமவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பெயர் கட்டுரையின் தலைப்பில் வராது. நன்றியுரையிலும் பெரும்பாலும் வராது. அவர்தாம் நோயாளி.

1922 ஜனவரி 11-ஆம் நாள், டொரோண்டோ மருத்துவமனையில், லியோனார்டு தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குக் கணையச் சாறு முதன்முதலாக ஊசி வழியே செலுத்தப்பட்டது. நீரிழிவினால் எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளை. முதல் ஊசி பெரும்பயன் தரவில்லை. ஊசி குத்திய இடம் புண்ணாயிற்று. 12 நாட்களுக்குப் பின் கோலிப் தூய்மை செய்த சாறு செலுத்தப்பட்டபோதுதான் பலன் கிட்டியது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அந்த முதல் ஊசியின் நோவினைத் தாங்கிய உடல் அச்சிறுவனுடையது. உலகில் இன்சுலினால் உயிர் வாழும் ஒவ்வொருவரும் அவனுக்கும் கடன்பட்டவரே.

மனிதரைக் கொண்டு செய்யப்படும் ஆய்வு எப்போது அறமாகிறது, எப்போது கொடுமையாகிறது? இரண்டு வரலாறுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும்.

சென்னையில் 1956-ஆம் ஆண்டில் காசநோய் மருந்தாய்வு மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை கூடிச் செய்த பணி அது. காசநோயாளர் மாதக்கணக்கில் ஆரோக்கிய விடுதியில் தங்கி, ஓய்வும் சத்துணவும் பெற்றாலன்றிக் குணமடையார் என்பது அக்கால மருத்துவ நம்பிக்கை. ஏழைக் குடும்பத்திற்கு அது எட்டாக்கனி. எனவே, நோயாளர்களை ஒருவகைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் விடுதியில் தங்கினர். மற்றவர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருந்தனர். மருந்து இரு பிரிவினர்க்கும் அளிக்கப்பட்டது. 1959-இல் முடிவு வெளியாயிற்று: வீட்டிலிருந்தவரும், எளிய உணவையே உண்டும், விடுதியில் இருந்தவருக்கு ஏறத்தாழ ஒப்பாகவே குணமடைந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தார்க்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை. ஏழை நாடுகளின் காசநோய் மருத்துவம் அம்முடிவினால் திசை மாறியது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கிகீ என்னும் ஊரில், 1932-இல் அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை மற்றோர் ஆய்வைத் தொடங்கிற்று. 399 கறுப்பின ஆடவர்க்கு சிபிலிஸ் என்னும் மேகநோய் இருந்தது. ஒப்பிட்டு நோக்குவதற்கென அந்நோயற்ற 201 பேர் சேர்க்கப்பட்டனர். மருந்தின்றி அந்நோய் எவ்வாறு முற்றுகிறது என்று காண்பதே நோக்கம். நோயின் உண்மைப் பெயர்கூட அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பென்சிலின் அந்நோயைத் தீர்க்கும் என்பது 1940-களில் தெளிவான பின்பும் அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. 1972-இல் செய்தித்தாள்கள் வெளிப்படுத்தும் வரை, 40 ஆண்டுகள் இது நடந்தது. அதற்கு முன்பே, 1966-இல், அத்துறையில் சிறிய பதவியிலிருந்த பீட்டர் பக்ஸ்டன் என்ற இளைஞர், ‘இது சரியா?’ என்று மேலிடத்திற்கு எழுதிக் கேட்டார். அறிஞர் பலர் ஆண்டாண்டாகப் படித்தும் கேட்காத கேள்வி அது. அவரே இறுதியில் செய்தியாளரிடம் உண்மையைக் கூறினார்.

இவ்விரு ஆய்வுகளுக்கும் உள்ள வேறுபாடு யாது? இரண்டிலும் அறிவியலார் இருந்தனர்; இரண்டிலும் ஏழைகளே ஆய்வுக்குட்பட்டனர். ஆனால், சென்னையில் இருந்த அறியாமை உண்மையான அறியாமை. வீடா, விடுதியா, எது ஏற்றது என்பதை எவரும் அறியார். அறியாத இடத்தில் சீட்டுப் போடுவது நீதியே. எவர்க்கும் ஓரம் சாயாமைக்கு அது வழி. டஸ்கிகீயில் இருந்ததோ நடிப்பான அறியாமை. மருந்து இருக்கிறது என்று அறிந்தும், அறியாதவர் போல் நோயை வளரவிட்டு அளந்தனர். ‘அறியேன்’ என்ற சொல் லாங்கர்ஹான்ஸின் ஏட்டில் அறமாயிருந்தது. இங்கே அதுவே திரையாயிற்று. ஆகவே, மருத்துவ ஆராய்ச்சியின் முழு ஒழுக்கமும் இந்த ஒரு வினாவில் அடங்கும் எனலாம்: நீ உண்மையாகவே அறியாததைத்தான் தேடுகிறாயா? நீ அறிந்ததையெல்லாம் அந்த நோயாளிக்குச் சொன்னாயா?

இக்காரணம் பற்றியே, மனிதர் மீதான ஆய்வுகளுக்கு முன்னதாக ஒழுக்கநெறிக் குழுவின் ஒப்புதல் பெறவேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, அக்குழுவில் மருத்துவரும் சட்டமறிந்தவரும் மட்டுமல்லாமல், பொதுமக்களில் ஒருவரும் இடம்பெறவேண்டும். சமூகவியல் அறிந்தவர், தத்துவம் கற்றவர், சமய அறிவுடையார் ஆகியோருக்கும் அதில் இடமுண்டு. ஆய்வுக்கூடத்தின் கதவு நம் ஆலிம்களுக்கும் சற்றே திறந்திருக்கிறது என்பதை இதனால் அறியலாம். பிள்ளைகளை அனுப்பினால் மட்டும் போதாது. நாமும் கற்று அங்கே அமரத் தகுதி பெறவேண்டும்.

பெற்றோர்க்கு

மாணவன் கண்ட உண்மை யாருடையது என்று கேட்டோம். விடை இப்போது எளிதாகிறது. உண்மை எவருடைய உடைமையும் அன்று. அதைக் கண்ட உழைப்புக்கு மட்டுமே உரிமையாளர் உளர். அவர்களும் ஒருவரல்லர், பலர். அவர்களுள் தன் பங்கை மாணவன் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம், வேண்டினால் நேர்மையாகக் கேட்டும் பெறலாம், இரண்டும் ஆகுமானவையே. ஆசிரியரின் பங்கையும், தோழரின் பங்கையும், முன்னோரின் பங்கையும் மறைக்க அவனுக்கு அனுமதியில்லை. நோயாளியின் உரிமையோ இவை அனைத்திற்கும் முந்தியது. அதை ஆய்வின் பெயரால் எவரும் தொடக்கூடாது.

ஆதலால், உங்கள் மகனுக்கோ மகளுக்கோ இத்தகைய வாய்ப்பு வருமாயின், அஞ்சித் தடுக்காதீர்கள். சான்றிதழுக்காக மட்டும் அனுப்பவும் செய்யாதீர்கள். இரண்டு திங்களில் அவர்கள் இன்சுலினைக் கண்டுவிடப் போவதில்லை. ஆனால், ஓர் அளவையைப் பத்து முறை எடுக்கும் பொறுமையையும், தன் எண்ணத்திற்கு மாறாக வந்த எண்ணை அழிக்காமல் எழுதிவைக்கும் நேர்மையையும் அவர்கள் கற்கக்கூடும். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து, ‘உங்களிடம் ஒன்று கேட்கலாமா? விருப்பமில்லையெனில் மறுக்கலாம்’ என்று சொல்லும் பணிவும் அவர்களுக்கு வாய்க்கக்கூடும். மருத்துவராக வாழ்வதற்கு இவற்றினும் சிறந்த முதலீடு இல்லை.

விடுமுறை முடிந்து பிள்ளை வீடு திரும்பியதும், ‘என்ன கண்டுபிடித்தாய்?’ என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள். அத்தோடு இன்னும் மூன்றையும் கேளுங்கள். யாரிடம் கற்றாய்? யாரெல்லாம் உன்னோடு உழைத்தனர், அவர்களின் பெயரை எழுதினாயா? யாருடைய உடலிலிருந்து இதனை அறிந்தாய், அவருக்கு நீ உண்மையைச் சொன்னாயா? இம்மூன்று கேள்விகளுக்கும் தலை குனியாமல் விடை கூறும் பிள்ளை, எதையும் கண்டுபிடிக்காது திரும்பியிருந்தாலும், தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைக் குறையாது திருப்பித் தந்த பிள்ளையே ஆகும்.